எட்டால் வகுபடாத 63

மூன்று ராத்திரி போராடி, நேற்றுதான் பிடிபட்டது. பழைய லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டிய 1 டிபி டிஸ்க்கில் பெரிய வீடியோ ஃபைல்கள் ஓரளவு வேகமாகவே ஏறின. ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள் கொண்ட லினக்ஸ் கெர்னல் சோர்ஸ் தொகுப்பை அவிழ்த்தால் மட்டும் தவழ்ந்தது. கேபிளை மாற்றினேன், எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தை இரண்டு முறை ஃபார்மட் செய்தேன். பலனில்லை.

டிஸ்க்கைப் பார்ட்டிஷன்களாகப் பிரிக்கும் எஃப்டிஸ்க் கருவியில், செக்டர் (டிஸ்க்கின் மிகச் சிறிய துண்டு) கணக்கில் பட்டியல் எடுத்தேன். முதல் பார்ட்டிஷன் 63-ஆவது செக்டரில் ஆரம்பிக்கிறது! 255 ஹெட் (படிக்கும் முனை), ஒரு டிராக்குக்கு (தட்டின் ஒரு வட்டம்) 63 செக்டர் என்ற பழைய கணக்கு இது; டிஸ்க்குக்குள் 255 ஹெட் எங்கே இருக்கிறது? பயாஸ் காலத்துக் கற்பனை அது. ஆனால் பழைய எஃப்டிஸ்க் அதை நம்பி முதல் டிராக்கை ஒதுக்கிவிடுகிறது. டிஸ்க்கோ உள்ளே 4096 பைட் செக்டர் வைத்துக்கொண்டு, வெளியே 512 என்கிறது. அதாவது எட்டு சின்ன செக்டர் சேர்ந்தால் ஒரு நிஜ செக்டர். 63 எட்டால் வகுபடாததால் ஃபைல் சிஸ்டத்தின் ஒவ்வொரு 4 கேபி பிளாக்கும் இரண்டு நிஜ செக்டர்களில் கால் வைத்து நிற்கிறது. ஒரு பிளாக் எழுத, இரண்டையும் படித்து, திருத்தி, தட்டு ஒரு சுற்று சுற்றி வந்தபின் எழுத வேண்டும். 5400 ஆர்பிஎம்மில் அந்தச் சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். பெரிய ஃபைலில் பிளாக்குகள் வரிசையாகப் போவதால் அடி ஓரங்களில்தான் விழும். குட்டி ஃபைல்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் அடி.

சரி என்று முதல் பார்ட்டிஷனை 64-க்கு நகர்த்தினேன். டேட்டா இருக்கும் லாஜிக்கல் பார்ட்டிஷன் (எக்ஸ்டெண்டட் என்ற பெரிய பார்ட்டிஷனுக்குள் போடுவது) முன்போலவே மெதுவாக இழுத்தது. எக்ஸ்டெண்டட் தொடங்கும் இடத்திலிருந்து அதுவும் 63 தள்ளித்தான் உட்காருகிறது. சிலிண்டர் (எல்லா ஹெட்டின் டிராக்கும் சேர்ந்தது) எல்லையும் உதவாது: 255 × 63 = 16,065, ஒற்றைப்படை.

தீர்த்து வைத்தது, எஃப்டிஸ்க்கிடம் 224 ஹெட், 56 செக்டர் என்று சொன்னது. எக்ஸ்ட்4-ஐப் பராமரிக்கும் தியோடர் சோ 2009-இல் எஸ்எஸ்டிக்காகச் சொன்ன எண்கள் இவை. டிராக் 56, சிலிண்டர் 12,544, இரண்டுமே எட்டால் வகுபடும். எந்தப் பார்ட்டிஷன் போட்டாலும் தானாகச் சரியான இடத்தில் விழுகிறது. அழகான கணக்கு! முன்பு டீ போட்டுக் குடித்து முடித்தாலும் ஓடிக்கொண்டிருந்த அவிழ்ப்பு, இப்போது தண்ணீர் கொதிப்பதற்குள் முடிகிறது. புது எஃப்டிஸ்க் 2048-இல் தொடங்குவதால் இந்தப் பாடு இல்லை. பழைய லினக்ஸ் டிஸ்ட்ரோ ஓட்டுபவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ரிச்சி தெருவில் இதே அளவில் இன்னும் இரண்டு டிஸ்க் சொல்லி வைத்திருக்கிறேன். மூன்றையும் ரெய்டு 5-இல் (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை) போட எண்ணம். ஆனால் பேக்கப்பிலிருந்து டேட்டா இன்னும் பாதிகூடத் திரும்பவில்லை, ஸ்வாப் பார்ட்டிஷனையும் போடவில்லை.