கால் புண்ணுக்கு ஆக்சிஜன் மிஷின்: பெரியப்பா கேட்ட கேள்வி

கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்க ஊர்ல இப்ப சுகர் புண்ணுன்னாலே "கோயமுத்தூர்ல ஏதோ மிஷின்ல படுக்க வெக்கறாங்களாமே, வெரல எடுக்காமயே ஆறிருமாமே"ங்கற பேச்சுதான். எல்லாம் எங்க பெரியப்பாவால வந்தது. தென்னந்தோப்புல செருப்பில்லாம நடக்கற ஆளு, சுகர்ல பாதம் மரத்துப்போயி முள்ளு ஏறுனதே தெரியல, பெரியம்மா பெட்ஷீட்ல சீழ் கறைய பாத்துதான் கண்டுபுடிச்சாங்க, அதுக்குள்ள எலும்பு வரைக்கும் போயிருச்சு.

மிஷின்னா ஒரு ஆள் நீட்டி படுக்கற அக்ரிலிக் குழாய், அதுக்குள்ள சுத்த ஆக்சிஜன அழுத்தமா அடைப்பாங்க, ஹைபர்பாரிக் ஆக்சிஜன் வைத்தியம்ங்கறது இதத்தான். உள்ள போறப்ப போன், வாட்ச், லைட்டர் எதுவும் கூடாது, காட்டன் துணிதான், தலையில எண்ணெய் இருக்கவே கூடாது, அவ்ளோ ஆக்சிஜன்ல சின்ன பொறி பட்டாலும் தீ புடிச்சுக்கும். தேங்காண்ணெய் வெக்காம வாசல் தாண்டாத மனுசனுக்கு புண்ண விட அதுதான் பெரிய கொறை. சுகர் எறங்கிரும்னு முன்னாடியே குத்தி பாத்துருவாங்க. அழுத்தம் ஏறறப்ப வால்பாறை பஸ்ல அடைக்கற மாதிரி காது அடைக்கும், எச்சி முழுங்கிட்டே இருக்கணும்.

"ஏங்கண்ணு, புண்ணு கால்ல, என்னைய எதுக்கு முழுசா உள்ள போட்டு மூடறாங்க?"ன்னாரு. சரியான கேள்விங்க. ஆக்சிஜன் மூச்சு வழியாத்தான் போகுது. சாதாரணமா ரத்தத்துல செவப்பணுதான் ஆக்சிஜன தூக்கிட்டு போகும், தண்ணி பாகத்துல கரையறது 100 மில்லிக்கு 0.3 மில்லிதான். 2, 2.5 மடங்கு காத்தழுத்தத்துல சுத்த ஆக்சிஜன இழுத்தா அது பல மடங்கு ஏறும், ரத்தம் கம்மியா போற எடத்துக்கும் கொஞ்சம் கெடைக்கும், புது ரத்தக்குழாய் மொளைக்கவும் தூண்டும். ஒரு தடவைக்கு ஒன்றரை மணி நேரம், வாரம் அஞ்சு நாள், 30, 40 தடவை வரைக்கும் போகும்.

ஆனா மிஷின் மட்டும் ஆத்திரும்னு நெனைக்கறதுதான் எனக்கு ஆகல. 2010ல ஸ்வீடன்ல 94 பேர வெச்சு பாத்ததுல ஒரு வருசத்துல ஆக்சிஜன் எடுத்தவங்கள்ல 52 சதவீதம் பேருக்கு ஆறுச்சு, சும்மா காத்து குடுத்தவங்களுக்கு 29. 2018ல நெதர்லாந்துல 120 பேர்கிட்ட பாத்தப்ப பெருசா வித்தியாசம் தெரியல, பாதியில விட்டவங்களும் நெறைய. அமெரிக்காவுல வயசானவங்களுக்கான அரசு காப்பீடு மெடிகேர் கூட, புண்ணு ஆழமா இருந்து 30 நாள் வழக்கமான வைத்தியத்துல தேறலன்னாதான் இதுக்கு காசு குடுக்குது.

பெரியப்பாவுக்கும் மொதல்ல டாப்ளர் (காலுக்கு ரத்தம் சரியா ஓடுதான்னு பாக்கற ஸ்கேன்) பாத்து, ரத்தக்குழாய் அடைப்ப எடுத்து, செத்த சதைய வழிச்சு, பாதத்துல எடை விழாம கட்டு போட்டாங்க. அதுக்கப்பறந்தான் மிஷின். மனுசன் ஊர்ல அதையெல்லாம் சொல்றதே இல்ல, மிஷின் கதை மட்டும்தான். அத கேட்டுட்டு எங்கிட்ட ஆஸ்பத்திரி நம்பர் கேக்கறவங்ககிட்ட "டாப்ளர் எடுத்தாச்சுங்களா?"ன்னுதான் நான் திருப்பி கேக்கறேன், பாதி பேருக்கு மேல இன்னும் எடுக்கலைங்கறாங்க.