கண்டல் நட முன் தண்ணீரை அளந்து பாருங்கள்

திருகோணமலையின் கிண்ணியா, மூதூர்க் களப்போரங்களில் கண்டல், அதாவது உவர்நீர்ச் சேற்றில் வளரும் மரங்கள், நடும்போது கன்றைவிட இடந்தான் முக்கியம். எங்கள் கரையில் வற்றுப்பெருக்கு, அதாவது கடல்மட்டம் ஏறி இறங்கும் அளவு, ஒரு மீற்றருக்கும் குறைவு. ஒரு சாண் பள்ளம்கூடக் கன்றை எந்நேரமும் மூழ்க வைக்கும். வேர் மூச்சடைக்கும், தண்டில் கொட்டலசு என்ற ஓடுள்ள சிறு கடலுயிர் ஒட்டிப் பாரமேறும், கன்று சாய்ந்துவிடும்.

ஆகவே முதலில் அளவுக்கம்பு நட்டு, மாரியிலும் கோடையிலும் நீர்மட்டத்தைக் குறியுங்கள். அந்தப் பொறுப்பை இறால், நண்டு பிடிப்பவர்களிடமே கொடுங்கள். முகத்துவாரம் எப்போது மூடும், எப்போது உடைக்கும் என்பதை அவர்களைப்போல் அறிந்தவர் இல்லை. தானாக முளைத்த கண்டல் நிற்கும் மட்டத்திலேயே நடுங்கள்.

வளர்ந்த மரங்களை அளக்க 10 மீற்றர் சதுரக் கட்டம் போதும். கண்ணா என்ற வகை மரத்தின் தண்டுச் சுற்றளவை 1.3 மீற்றர் உயரத்தில் எடுங்கள். தண்டிலிருந்து இறங்கித் தாங்கும் முட்டுவேர் உள்ள கண்டல் வகைக்கு, மிக உயர்ந்த முட்டுவேருக்கு 30 சென்ரிமீற்றர் மேலே. வேரோடு சேர்த்து அளந்தால் கணக்கே பிழைத்துவிடும்.