போஸ்ட்ஜிஸும் நான் படிக்காமல் விட்ட ஒரு 14உம்

ஒருவழியாகப் போஸ்ட்ஜிஸ் (போஸ்ட்கிரெஸ்கியூஎல் டேட்டாபேஸில் வரைபட டேட்டாவைக் கையாள உதவும் எக்ஸ்டென்ஷன்) ஓடிவிட்டது. பதிப்பைக் கேட்டால் 3.4.2 என்கிறது. இந்த ஒரு வரியைப் பார்க்க மூன்று மாலைகள் போயின. நிறுவல் என்னவோ இரண்டு நிமிட வேலைதான்.

உபுண்டு 22.04இலிருந்து 24.04க்கு ஏற்றிய கணினி. பொதிகளை நிறுவும் ஆப்ட்டில் போஸ்ட்கிரெஸ்கியூஎல்-16-போஸ்ட்ஜிஸ்-3 (போஸ்ட்கிரெஸ்கியூஎல் 16க்கான பொதி) போட்டேன், முணுமுணுப்பில்லாமல் இறங்கியது. டேட்டாபேஸோடு பேசும் பிஎஸ்கியூஎல்லுக்குள் போய் 'கிரியேட் எக்ஸ்டென்ஷன் போஸ்ட்ஜிஸ்' அடித்தால், கன்ட்ரோல் ஃபைலைத் திறக்க முடியவில்லையாம், அப்படி ஒரு ஃபைலே இல்லையாம். தேடிப் பார்த்தால் ஃபைல் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறது! பொதியை நீக்கி மறுபடி போட்டேன். சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தேன். தொடவே தேவையில்லாத இடத்தில் சிஎச்மாட் போட்டு அனுமதிகளை மாற்றினேன். போஸ்ட்ஜிஸ் சார்ந்திருக்கும் ஜியோஸ், ப்ராஜ், ஜிடால் நூலகங்கள் எல்லாவற்றையும் சோர்ஸிலிருந்து கம்பைல் செய்துவிடலாம் என்றுகூட இறங்கினேன். நல்லவேளை, அதற்குள் தூக்கம் வந்துவிட்டது.

மூன்றாம் நாள்தான் பிழைச்செய்தியை எழுத்தெழுத்தாகப் படித்தேன். அது தேடிய ஃபோல்டரின் பாதையில் 14 என்று இருக்கிறது. நான் நிறுவியதோ 16க்கு. ஓடும் சர்வர்களைப் பட்டியலிடும் பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் அடித்ததும் குட்டு உடைந்தது: போஸ்ட்கிரெஸ்கியூஎல் 14 மெயின் 5432 போர்ட்டில், 16 மெயின் 5433இல், இரண்டுமே ஆன்லைன். 22.04 காலத்து 14ஐ அப்கிரேட் தொடவில்லை. என் பழைய டேட்டா அதில் இருக்கிறது, தொடவும் கூடாதுதான். பின்னால் வந்த 16 அடுத்த காலி போர்ட்டில் இடம் பிடித்துக்கொண்டது. போர்ட் சொல்லாமல் நான் நுழைந்தபோதெல்லாம் கதவைத் திறந்தது 5432இல் இருக்கும் கிழவன். பிஎஸ்கியூஎல்லும் ஒவ்வொரு முறையும் முதல் வரியிலேயே தான் 16, சர்வர் 14 என்று சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அந்த வரியை யார் படிக்கிறார்கள்!

போர்ட்டைச் சொல்லும் மைனஸ் பி 5433 சேர்த்தேன், எக்ஸ்டென்ஷன் உடனே ஏறிவிட்டது.

முறையான தீர்வு இது இல்லை என்று தெரியும். பிஜி_டம்ப்ஆலில் முழு நகல் எடுத்து, காலியாக இருக்கும் 16ஐ பிஜி_டிராப்கிளஸ்டரால் தூக்கிவிட்டு, பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் 14 மெயின் என்று விட்டால் புதியது 5432க்கே வந்துவிடும். ஆனால் புது பொம்மை கையில் வந்த பிறகு அதற்கெல்லாம் யாருக்குப் பொறுமை? ஜியோஃபேப்ரிக் தளத்தில் எடுத்து வைத்திருந்த ஷேப்ஃபைலை (வரைபட டேட்டா ஃபைல்), அதை டேபிளாக்கும் எஸ்எச்பி2பிஜிஎஸ்கியூஎல் வழியாக ஏற்றினேன், எஸ்ஆர்ஐடி (ஆயமுறை எண்) 4326, அதாவது அட்சரேகை-தீர்க்கரேகை. அந்தத் தளத்துக்கு ஒரு கும்பிடு: ஓபன்ஸ்ட்ரீட்மேப் (ஓஎஸ்எம்) டேட்டாவைப் பகுதி பகுதியாக வெட்டித் தினமும் புதுப்பித்துக் கொடுக்கிறார்கள்.

முதல் கேள்வி: இந்தப் புள்ளிக்கு 500 மீட்டருக்குள் என்னென்ன இருக்கின்றன? குறிப்பிட்ட தூரத்துக்குள் இருப்பதைத் தேடும் எஸ்டி_டிவித்தினில் 500 கொடுத்தேன். டேபிள் முழுவதும் வந்தது. 4326 ஜியோமெட்ரியில் அலகு டிகிரி. 500 டிகிரி என்றால் உலகத்தைச் சுற்றி வந்து மிச்சமும் இருக்கும். மீட்டரில் அளக்கும் ஜியோகிராஃபி வகைக்கு மாற்றியதும் (காஸ்ட்) விடை சரியானது, ஆனால் வேகம் படுத்துவிட்டது. எக்ஸ்ப்ளெயினில் பார்த்தால் சீக்வென்ஷியல் ஸ்கேன், டேபிளை முழுவதும் வரிசையாகப் படிக்கிறது. இடத்தேடலுக்கான ஜிஸ்ட் இன்டெக்ஸ் ஜியோமெட்ரி நெடுவரிசையில் இருந்தது, நான் கேட்டதோ காஸ்ட் செய்த மதிப்பை. அந்த காஸ்டின் மேலேயே இன்னொரு ஜிஸ்ட் இன்டெக்ஸ் கட்டினேன், கண் இமைப்பதற்குள் விடை வந்தது. மீட்டரில்தான் எப்போதும் கேட்கப் போகிறேன் என்றால் நெடுவரிசையையே ஜியோகிராஃபியாக வைத்திருக்கலாம். அடுத்த லோடுக்கு எஸ்எச்பி2பிஜிஎஸ்கியூஎல்லில் மைனஸ் ஜி (பெரிய எழுத்து ஜி) போட வேண்டும்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் நினைவக ஒதுக்கீடான ஷேர்ட்_பஃபர்ஸ் இன்னும் ஆதி 128 எம்பியிலேயே கிடக்கிறது. அதைக் கூட்டிவிட்டு, ஓஎஸ்எம் டேட்டாவை ஏற்ற ஓஎஸ்எம்2பிஜிஎஸ்கியூஎல், பிறகு வழி கண்டுபிடிக்க பிஜிரூட்டிங். இரண்டையும் 5433இலேயே ஏற்றிவிடலாம் என்று கை துறுதுறுக்கிறது. கிழவன் 5432இல் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறான்.