நாற்காலி கொடுத்த பிறகு

வன்னியில் சமூக சேவை என்றதும் பலருக்கு ஒரு படம்தான் ஞாபகம் வரும்: பதாகை, பொன்னாடை, நடுவில் ரிப்பன் கட்டின சக்கர நாற்காலி. 2009 இல் முடிந்த போரில் முள்ளந்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனவர்கள் இங்கே இன்றும் வாழ்கிறார்கள். அவர்களுக்கு நாற்காலிதான் கால். செருப்பைக்கூட அளவு பார்த்து வாங்குகிற நாங்கள் இதை மட்டும் மொத்தமாக இறக்கிக் கொடுக்கிறோம்.

இருக்கையின் அகலம் ஆளின் இடுப்போடு ஒட்டி வர வேண்டும். கூடினால் ஒரு பக்கம் சரிந்து, ஒற்றை எலும்பில் பாரம் விழும். ஆழத்துக்கு, இடுப்பின் பின்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து 3 முதல் 6 செ.மீ. கழியுங்கள். கழிக்காவிட்டால் விளிம்பு மடிப்பில் வெட்டும். ஆள் முன்னுக்கு வழுகி இருப்பார், வாலெலும்பு தேயும். நோகாது, அதுதான் ஆபத்து. தோலில் சிறு கீறலாகத் தெரியும்போது உள்ளே குழி விழுந்திருக்கும்.

மெத்தை இல்லாமல் நாற்காலி கொடுப்பதைவிடக் கொடுக்காமலே விடலாம். மலிவு ஸ்பொஞ் கொஞ்ச நாளில் சப்பளிந்துவிடும். ஆள் இருக்கும்போது விரல் நுனிகளை மெத்தைக்கும் இருப்பெலும்புக்கும் நடுவில் செருகி மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அரை செ.மீ. அசைந்தால் நல்லது, நசிந்து அசையவே முடியாவிட்டால் மெத்தையை மாற்றுங்கள். எந்த மெத்தை என்றாலும் 15, 20 நிமிடத்துக்கொரு தரம் முன்னுக்குக் குனிந்து பாரம் இறக்க வேண்டும். காலையும் இரவும் கண்ணாடி பிடித்துத் தோலைப் பார்க்க வேண்டும். வைகாசி வெக்கையில், வியர்வை ஊறின தோல் இன்னும் கெதியாகப் பிய்யும்.

அடுத்தது ரோட்டு. ஏ9 பெருந்தெருவை விட்டு உள்ளே இறங்கினால் கிரவல், மணல், மாரியில் சேறு. ஆஸ்பத்திரி நாற்காலியின் ஒடுக்கமான முன்சில்லு அதில் புதையும். அகலச் சில்லு கேளுங்கள். பின்சில்லு பெரும்பாலும் 24 அங்குலம், ஆனால் பிள்ளைகளின் 24 அங்குலச் சைக்கிள் ரயர் அதற்கு ஏறாது. ரிம்மின் விட்டம் வேறு. ஊர்ச் சைக்கிள் கடையில் இதைக் கேட்டு அலைந்து, கடைசியில் நாற்காலியில் கோழி படுக்கும். கொடுக்கும்போதே 2 ரயர், 2 ரியூப் சேர்த்துக் கொடுங்கள்.

வாசற்படியும் பாருங்கள். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளச் சரிவு வேண்டும். இடமில்லையென்று 4 அடியில் முடித்தால் அவர் தனியாக ஏறமாட்டார், இறங்கும்போது குப்புற விழுவார்.