நோட்டில் மேய்ந்த மாடுகள்

எட்டாவது படிக்கும்போது, எங்கள் ஊரில் இல்லாத 11 கறவை மாடுகளை நான் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் ஊர் கொல்லிமலையில், செம்மேட்டிலிருந்து ஒரு மணி நேர நடை. 2004-இல் அம்மாவும் இன்னும் 13 பேரும் சேர்ந்து மகளிர் குழு ஆரம்பித்தார்கள். 1989-இல் தருமபுரியில் துளிர்த்த குழுக்கள் எங்கள் மலை ஏறி வர அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. வாரம் 10 ரூபாய் சந்தா. யாருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது என்பதால், விடுதியிலிருந்து சனிக்கிழமை வீட்டுக்கு வரும் நான்தான் கணக்குப்பிள்ளை.

தீர்மான நோட்டில் கடனுக்கான காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. பார்வையிட வருகிறவர்களுக்கு அதில் தொழில் இருக்க வேண்டும். ஆனால் குழுவில் கேட்ட கடனெல்லாம் பிள்ளைக்குக் காய்ச்சல், காதுகுத்து, வீட்டில் அரிசி இல்லை என்கிற வகை. "பாப்பா, மாடுன்னே எழுதிடு, சார் திட்ட மாட்டாரு" என்பார் பெரியம்மா. எழுதிவிடுவேன். அத்தனை மாட்டுக்கும் உயிர் வந்திருந்தால் மலையில் புல் மிஞ்சியிருக்காது.

அந்தப் பொய்க்குப் பின்னால் நடந்ததுதான் பெரிய விஷயம். எங்களுக்குக் காசு பார்க்கிற காலம் தை, மாசி. சில்வர் ஓக் மரத்தில் ஏறிப் படர்ந்த மிளகைப் பறிக்கிற நேரம். ஆடி, ஆவணியில் கையில் ஒன்றும் இருக்காது. அப்போது வியாபாரி வருவார், 2,000 ரூபாய் கொடுப்பார், வட்டி கேட்கமாட்டார். நல்ல மனுஷர் என்றுதான் ஊரே சொல்லும். தையில் வந்து மிளகைப் பச்சையாகவே, தன் தராசில், தன் விலைக்கு அள்ளிப்போவார். மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஒரு கிலோ தேறும். காயவைத்து விற்றால் எவ்வளவு வரும் என்று கணக்குப் போடுகிற உரிமை எங்களுக்கு இல்லை. கைநீட்டி வாங்கியாயிற்றே.

ஒரு ஆடியில் அம்மா அந்த 2,000-த்தைக் குழுவில் வாங்கினார். மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி, ஆறு மாதத்துக்கு 240 ரூபாய். அந்த வட்டியும் குழுவிலேயேதான் இருக்கும். காரணம்: கறவை மாடு. தையில் வியாபாரி வந்தபோது மிளகு களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் எதுவும் பேசவில்லை, அடுத்த வீட்டுக்குப் போனார். எங்கள் வீட்டில் அதற்குமுன் மிளகு காய்ந்து நான் பார்த்ததில்லை.

எல்லாமே இப்படி நடந்துவிடவில்லை. வங்கியில் 1 லட்சம் கொடுத்தபோது, தேவை பார்க்காமல் ஆளுக்கு 7,000 சொச்சமாகப் பிரித்தார்கள். இரண்டு வீட்டில் ஆண்கள் பிடுங்கிக்கொண்டார்கள், தவணை நின்றது, மற்ற பன்னிரண்டு பேரும் ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்தக் கடனுக்கு அடமானம் கேட்கவில்லை என்பதை மறக்க முடியாது. தாத்தா பெயரில் கிடக்கும் நிலத்தை வைத்துக்கொண்டு வேறு எந்த வாசலில் போய் நிற்பது?

இப்போது வீட்டுக்கே வந்து கடன் தருகிற கம்பெனிகள் மலைக்கு வந்துவிட்டன. அவர்களுக்கும் பத்துப் பெண்கள், ஒருவருக்கொருவர் ஜாமீன். கூடி உட்கார்ந்து கையெழுத்துப் போட எங்கள் குழுக்கள்தான் பழக்கி வைத்திருக்கின்றனவே. ஆனால் அங்கே வட்டி வெளியே போகிறது, வாரத் தவணை ஆடி, தை என்று பார்ப்பதில்லை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் எழுந்து போக முடியாது. பெரியம்மா மகள் மூன்று இடத்தில் வாங்கியிருக்கிறாள். போன மாசியில் அவள் வீட்டு மிளகு பச்சையாகவே போனது.

அம்மாவின் குழுவில் இப்போது ஒன்பது பேர். நோட்டைப் பக்கத்து வீட்டுப் பெண் எழுதுகிறாள். போன வாரம் போனில் அம்மாவிடம் மிளகு என்ன விலைக்குப் போனது என்று கேட்டேன்.

"இன்னும் விக்கல. பரண்மேல கெடக்குது. வெல ஏறட்டும்" என்றார்.