பயணத்துக்கு முந்தைய பக்கம்

பெட்டியின் எடை 24 கிலோ என்று காட்டியதும், அப்பா இரண்டு புத்தகங்களை வெளியே எடுத்துவிட்டு, நான் நேற்று வாங்கிய எழுதாத நோட்டை என் கையில் கொடுத்தார்.

"இதை இங்கேயே தொடங்கிவிடு, கண்ணு."

அக்டோபரில் கேம்பிரிட்ஜில் வகுப்புகள் தொடங்குகின்றன. அங்கே போனபின் எழுதலாம் என்றிருந்தேன்.

1914 மார்ச் 17 அன்று சென்னையில் கப்பலேறிய ராமானுஜன், சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் ஏற்றிவைத்த தம் நோட்டுகளின் பெரும்பகுதியைப் புறப்படுவதற்கு முன்பே நிரப்பியிருந்தார் என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

போனபின் எழுதப்போகிறவன், இந்த வீட்டுக் கூடத்தில் அமர்ந்து அஞ்சிக்கொண்டிருக்கும் இவனை மறந்துவிடக்கூடும்.

முதல் பக்கத்தில் இன்றைய தேதியை எழுதி, அதன்கீழ் அப்பா வெளியே எடுத்துவைத்த இரண்டு புத்தகங்களின் பெயர்களை எழுதினேன்.