மூன்று பைட்டுக்கு ஒரு பூச்சியம்

போன கிழமை கல்லடி வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு, தரவை மறைத்து வைக்க நான் எழுதிய குறியாக்க மாட்யூலை நானே உடைத்தேன். உடைக்க அரை மணித்தியாலம்கூடத் தேவைப்படவில்லை.

மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு உறுப்பினர் கணக்கு மென்பொருள் செய்துகொடுத்திருந்தேன். 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு பொருளாளர் மாமா கேட்டார்: “மகள், இந்தக் கணினியை யாரும் தூக்கிக்கொண்டு போனாலும் ஆட்களின் பெயர், கடன் எல்லாம் வாசிக்க ஏலாதுதானே?” தாராளமாக வாசிக்கலாம் என்பதே அன்றைய நிலை.

நான் பயன்படுத்தும் தரவு நூலகம், ஒவ்வொரு புலத்தையும் சேமிக்குமுன் நாம் எழுதிய செயற்கூற்றிடம் ஒருமுறை கொடுத்து வாங்கும். அந்த இடத்தில் பைத்தானுக்கான ஆயத்தக் குறியாக்கக் கருவியான பெர்னெட்டை அப்படியே செருகியிருக்கலாம். ஆனால் ‘மட்டக்களப்பு’ என்ற 36 பைட் சொல் பெர்னெட்டில் 140 பைட்டாக வீங்கும். பழைய அட்டவணையில் பெயருக்கு 100தான் இடம். அட்டவணையை மாற்ற அரை நாள் போதும். சொந்தமாக எழுத ஆசை, வேறென்ன. பெர்னெட் இருக்கும் அதே தொகுப்பில் கீழ்மட்டக் கருவிகளை வைத்திருக்கும் பகுதிக்கு ‘ஹஸ்மட்’ என்று பெயர். ஆபத்தான பொருட்களுக்கு வழங்கும் சொல். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனேன்.

ஏஇஎஸ் என்ற குறியாக்கத்தைக் கவுண்டர் முறையில் எடுத்தேன். சாவியும் ஓர் எண்ணும் சேர்ந்து ஒரு பைட் ஓடையைத் தரும். அதை எழுத்துகளோடு எக்ஸோர் செய்தால், அதாவது பிட் பிட்டாக ஒப்பிட்டு ஒன்றானால் 0, வேறானால் 1 என்று எழுதினால், எழுத்துகள் மறைந்துவிடும். நிபந்தனை ஒன்றுதான்: ஒரு சாவியோடு ஓர் எண் இரண்டாம் தடவை வரக்கூடாது. நான் அந்த எண்ணைப் பூச்சியத்தில் தொடங்கும் ஒரு மாறியில் வைத்திருந்தேன். என் சோதனைகள் எல்லாம் ஒரே ஓட்டத்தில் நடந்தன, எல்லாம் சரி. சங்கத்தின் கணினியையோ காலையில் போடுவார்கள், மாலையில் அணைப்பார்கள். தினமும் முதற் பதிவுக்கு எண் பூச்சியம்.

வேறொரு காரியமாக ஒரு காப்புப் பிரதியைத் திறந்தபோது, எண் பூச்சியமாக இருபது முப்பது பெயர்கள் கிடந்தன. வயிறு கலங்கியது. இரண்டை எடுத்து ஒன்றோடொன்று எக்ஸோர் செய்தேன். ஒரே ஓடை என்றால் அது கழிந்துபோய், இரு பெயர்களின் வித்தியாசம் மட்டுமே மிஞ்சும்.

மிஞ்சியதில் மூன்று பைட்டுக்கு ஒரு பூச்சியம், தவறாமல்.

எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். முதலாவது எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175 மட்டும்: ‘க’ என்றால் 174, புள்ளி என்றால் 175. ஆகவே வித்தியாசத்தில் முதலிடம் பூச்சியம், அடுத்தது பூச்சியமோ ஒன்றோ. எந்த மொழிப் பெயர் என்று கேட்கவே தேவையில்லை. ஒரு பெயரில் புள்ளியும் மற்றதில் வெறும் எழுத்தும் நிற்கும் இடத்தைக்கூட ஊகிக்க முடிந்தது. போதாக்குறைக்கு, முதன்முதலில் பரிசோதனைக்காக இட்ட பெயர் என்னுடையது. அதையும் சேர்த்து எக்ஸோர் செய்ததும் ஒரு தோணிக்காரரின் பெயர், என் பெயரின் நீளம் வரைக்கும், திரையில் தமிழிலேயே வந்து நின்றது.

இப்போது, மறைப்பதோடு யாரும் மாற்றவில்லை என்றும் சரிபார்க்கும் ஜிசிஎம் முறைக்கு மாற்றிவிட்டேன். அந்த எண்ணுக்காக ஒவ்வொரு தடவையும் இயங்குதளத்திடம் 12 தற்செயல் பைட் வாங்குகிறேன். சரிபார்ப்புக்கு இன்னொரு 16. ‘மட்டக்களப்பு’ 64 பைட்டில் அடங்குகிறது. உறுப்பினர் இலக்கத்தையும் சரிபார்ப்பில் சேர்த்திருக்கிறேன், ஒருவரின் கடன் மீதியை வெட்டி இன்னொருவரின் வரிசையில் ஒட்டினால் திறக்காது. சாவியும் புதிது.

ஆனால் பழைய பிரதிகள் பழைய பிரதிகள்தான். மூன்று பென்டிரைவ்கள். ஒன்று சங்கத்து இரும்பு அலுமாரியில் இருந்தது, ஒன்று என்னிடம். மூன்றாவது நாவற்குடாவில் மாமா வீட்டில் இருக்க வேண்டும். “இங்கேதான் எங்கேயோ வைத்தேன் மகள்” என்கிறார். நாளைக்கு நானே போய்த் தேடப் போகிறேன்.